டைகரை மூடி வைத்த ஆடி

எங்கள் வீட்டுக் கிளியின் பெயர் டைகர். என் மகள் நதியா கேட்டது நாய்தான். அருள்புரத்தில் வரிசையாக எட்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ஓனரம்மா முத்தாத்தாள், லைன் வீட்டில் நாய் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து, என் வீட்டுக்காரர் ராஜபாண்டியோடு நிட்டிங் மிஷின் ஓட்டும் ஆரோக்கியராஜ், வெட்டிச் சாய்த்த தென்னையின் பொந்தில் கிடைத்ததென்று ஒரு கிளிக்குஞ்சைக் கொண்டுவந்து கொடுத்தார். நாய்க்கென்று யோசித்து வைத்திருந்த பெயரை நதியா கிளிக்கு வைத்துவிட்டாள். பெயர் வீணாகக் கூடாதாம்.

டைகருக்கு ஒரே ஒரு பேச்சுதான் தெரியும். "நதியா, எந்திரி!" அதையும் என் குரலில் சொல்லும், அதுவும் நான் எரிந்து விழுகிற குரலில். பிள்ளையை எழுப்பும்போது நான் இவ்வளவு கடுகடுவென்றா இருக்கிறேன் என்று கிளி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பகலில் மிஷின் ஓட்டிக் கட்டுப்படியாகாமல், நிட்டிங் கம்பெனிக்காரர் என் வீட்டுக்காரரை நிரந்தரமாக ராத்திரி ஷிப்டுக்கு மாற்றிவிட்டார். இரவு எட்டு மணிக்கு ஏறினால் காலை எட்டுக்குத்தான் இறக்கம். எனக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தினமும் ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரைக்குப் போனால் வீடு வந்து சேர இரவு ஒன்பதேகால். அவர் வரும்போது நான் இருக்க மாட்டேன், நான் வரும்போது அவர் இருக்க மாட்டார். சில நாள் பஸ் ஸ்டாப்பில் எதிரெதிரே பார்த்துக்கொள்வோம். "சோறு மூடி வச்சிருக்கேன்" என்பேன். "சரி" என்பார். குடும்பம் நடத்துகிறோம் என்று பெயர்.

நடுவில் ஒன்பது வயதுப் பிள்ளையை என்ன செய்வது? நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருவாள். உள்ளே அப்பா தூங்குவார். சத்தம் போடாதே, பாத்திரத்தை உருட்டாதே, கிளியோடு பேசாதே. ஒருநாள் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, அவர் எழுந்திருக்காமல், இருட்டும்வரை வாசலில் புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜூன் மாதம் அவளை வெள்ளகோவிலில் சிஸ்டர்கள் நடத்தும் விடுதியில் சேர்த்தோம். போக மாட்டேன் என்று கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடிவாதம் ஊரறிந்தது. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள்.

"நான் காலாண்டு லீவுக்கு வரும்போது டைகர் இப்படியே இருக்கணும். தெனமும் வெயில்ல வைக்கணும். தெனமும் பேசணும். சத்தியம் பண்ணு."

அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன்.

ஆடி பிறந்த அன்று ஓனரம்மா வந்து வாசலில் நின்றார். "ஏங் கண்ணு, உங்க கிளி வெடியால நாலு மணிக்கே நதியா நதியான்னு கத்துது. புள்ளையே இங்க இல்ல, அது ஆரை எழுப்புது? பக்கத்து ஊட்டுக்காரங்கெல்லாம் நெம்ப சங்கடப்படறாங்க சாமி. ஒரு துணியப் போட்டு மூடி வெய்யி."

கேட்பதில் நியாயம் இருந்தது. எட்டு வீட்டிலும் யாராவது ஒருவர் எந்நேரமும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கம்பெனியில் சாயம் திட்டுத் திட்டாக விழுந்து கழித்துப் போட்ட கறுப்பு பனியன் துணியில் ஒரு பெரிய துண்டு கேட்டு வாங்கிவந்து, அன்றிரவே கூண்டின் மேல் போட்டேன். கனமான துணி. டைகர் உள்ளே இரண்டு தடவை முனகிவிட்டு அடங்கிவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை இப்போது சொல்லக் கூசுகிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

காலையில் ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்துச் சமைப்பேன். அப்போது துணியை எடுத்தால் கிளி கத்தும், அக்கம்பக்கம் எழுந்துவிடும். அதனால் எடுக்க மாட்டேன். துணிக்கு அடியில் கையை விட்டு, ஊற வைத்த கடலையும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போவேன். அவர் தூங்கி எழுந்து சாயங்காலம் திறந்து வைப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இரவு வந்து பார்த்தால் கூண்டு மூடியிருக்கும். பரவாயில்லை, மனுஷன் பொறுப்பாக மூடிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார் என்று தோன்றும். கடலை காலியாகியிருக்கும், ஒரு பச்சை மிளகாயும் கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குத் துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் சரியாக இருக்கும். அவர் சனிக்கிழமை ராத்திரி வேலையை முடித்துவிட்டு வந்து நாள் முழுக்கத் தூங்குவார். அவர் தூங்குகிறாரே என்று கூண்டைத் திறக்க மாட்டேன். அடித்தட்டை மட்டும் உருவிச் சுத்தம் செய்வேன். தட்டில் சின்னச் சின்னப் பச்சை இறகுகள் கிடக்கும். இறகு உதிர்க்கிற காலம் போலிருக்கிறது என்று கூட்டித் தள்ளிவிடுவேன்.

என் வேலை என்ன தெரியுமா? ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் பீஸ் என் கைக்கு வரும். ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து, தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா, ஊசி முனை அளவு ஓட்டை இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். என் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்று சூப்பர்வைசர் லிங்கசாமி எல்லோர் முன்னாலும் சொல்வார். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் அந்த இறகுகளைக் கூட்டித் தள்ளினேன்.

ஆவணி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் கரண்டு போனது. ஃபேன் நின்றதும் அவர் வியர்வையோடு எழுந்து வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். நான் துவைத்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"ஏ புள்ள, கிளி இப்பல்லாம் வாயே தொறக்க மாட்டேங்குதே. காலையில நீ தொறந்து விடும்போதாவது பேசுதா?" என்றார்.

"காலையிலயா? நான் எங்க தொறக்குறேன்? நீங்கதான சாயங்காலம் தொறக்குறீக?"

"நான் எந்திரிச்சதும் குளிச்சுச் சாப்பிட்டு ஓடுறவன். நீ காலையில தொறந்து விட்டுட்டு, நான் தூங்கணும்னு மூடி வச்சிட்டுப் போறன்னுல்ல நெனச்சேன். அந்தத் துணிய நான் தொட்டதே இல்ல. மொளகா மட்டும் அடியில தள்ளிட்டுப் போவேன்."

பிழிந்துகொண்டிருந்த சேலை கையிலிருந்து நழுவியது. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் உள்ளே ஓடினோம். அவர்தான் துணியை இழுத்தார்.

வெளிச்சம் பட்டதும் டைகர் கூண்டின் மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. நெஞ்சிலிருந்து வயிறு வரை ஓர் இறகு இல்லை. கறிக்கடையில் உரித்து வைத்த கோழி மாதிரி வெறும் தோல். தன் அலகாலேயே பிடுங்கிப் போட்டிருக்கிறது. ஒரு மாதத்துக்கும் மேலாக, பகலும் தெரியாமல் ராத்திரியும் தெரியாமல், துணிக்கடியில் வந்து போகும் இரண்டு கைகளை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

"நீ பாத்திருக்க வேண்டாமா?" என்றார் அவர்.

"நீங்க பாத்திருக்கக் கூடாதா?" என்றேன் நான்.

அதற்கு மேல் சண்டை போட இரண்டு பேருக்குமே தெம்பில்லை. சண்டைக்கும் கொஞ்சம் தூங்கி எழுந்திருக்க வேண்டும். அவர் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "நதியா வந்தா என்ன சொல்லுறது?" என்று கேட்டார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலாண்டு லீவுக்கு ஐந்து வாரம்கூட இல்லை. அவள் தலையில் வைத்த கை இது. அவள் தரையில் புரண்டு அழுவாள், என்னை அடிப்பாள், இனி உங்கள் பேச்சைக் கேட்கவே மாட்டேன் என்பாள். எப்படியாவது அதற்குள் கிளியைத் தேற்றிவிட வேண்டும்.

மறுநாளிலிருந்து நான் வேலைக்குக் கிளம்பும்போதே கூண்டை வாசல் தாழ்வாரத்தில் மாட்டினேன். கிளி கத்தினால் கத்தட்டும் என்று அவர் பனியன் வேஸ்டைக் காதில் அடைத்துக்கொண்டு படுத்தார். ஆனால் கிளி கத்தவே இல்லை. ஓனரம்மாவே ஒருநாள் என்னைப் பார்த்து, "என்னுங் கண்ணு, இப்படி ஊமையாட்டம் உக்காந்திருக்குது? அன்னைக்கு நாஞ் சொன்னதுக்கு மூடுனீங்களே, அதுனாலயா?" என்று கேட்டார். அவர் முகம் வாடிப் போயிருந்தது. "இல்லீங்க" என்றேன். அவரை என்ன சொல்வது? அவர் ராத்திரிக்கு மூடச் சொன்னார். பகலுக்கும் சேர்த்து மூடியது நாங்கள்.

ராத்திரிதான் பெரிய பாடு. துணியைக் கையில் எடுப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். மூடாமல் விட்டுப் பார்த்தேன். தெருவில் ஒரு வண்டி விளக்கு அடித்தாலும் டைகர் பதறிக் கம்பியில் மோதியது. ஆரோக்கியராஜ் வந்து பார்த்துவிட்டு, "ராத்திரி மூடணும், விடிஞ்சா தொறக்கணும். அம்புட்டுத்தான்க்கா. இதுல என்ன இருக்கு?" என்றார். சொல்வதற்கு எளிது. தினமும் மூடினேன். மூடிவிட்டு, படுத்த பிறகு ஒரு தடவை எழுந்து துணியைத் தூக்கிப் பார்த்தேன். இருக்கிற தூக்கத்தில் அதுவும் போனது. சாப்பாடு எடுத்தது, கொஞ்சம் உடம்பு தேறியது. நெஞ்சில் பூனைமயிர் போல இறகு அரும்பியது. பேச்சு மட்டும் வரவில்லை. சமைத்துக்கொண்டே நான்தான் அதனிடம், "நதியா, எந்திரி! நதியா, எந்திரி!" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ.

காலாண்டுப் பரீட்சை முடிந்த சனிக்கிழமை, அவர் ராத்திரி வேலையிலிருந்து இறங்கி அப்படியே பஸ் ஏறி, வெள்ளகோவில் போய் நதியாவைக் கூட்டிவந்தார். நான் லிங்கசாமியிடம் கெஞ்சி ஒரு ஷிப்டோடு கிளம்பினேன். வழியெல்லாம் பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். இறகு மாற்றுகிற காலம், எல்லாக் கிளிக்கும் இப்படித்தான், இரண்டு மாதத்தில் சரியாகிவிடும்.

நதியா கூண்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள், உயர்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கிளியைப் பற்றிய பொய்யை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"சரிம்மா" என்றாள்.

அவ்வளவுதான். தரையில் புரளவில்லை, என்னை அடிக்கவில்லை. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு நடந்ததை நடந்தபடி சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். "நாங்கதான் மூடி வச்சோம் பாப்பா. நான் அப்பா தொறப்பாருன்னு நெனச்சேன். அப்பா நான் தொறப்பேன்னு நெனச்சாரு. என்னைய ரெண்டு அடி அடி."

அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். "வேலைக்குப் போறவங்க என்னம்மா பண்ணுவீங்க? விடு" என்றாள். யாரோ பெரிய மனுஷி பேசுவது போல இருந்தது.

ஏழேகாலுக்கு அவர் வேலைக்குக் கிளம்பிப் போனார். எட்டு மணிக்கு நான் துணியைக் கையில் எடுத்து, போடுவதா வேண்டாமா என்று வழக்கம்போல நின்றேன். நதியா அதை என் கையிலிருந்து வாங்கி, நாற்காலியில் ஏறிக் கூண்டின் மேல் போட்டாள். ஜன்னல் பக்கம் மட்டும் நாலு விரல் அகலத்துக்குத் துணியை மடித்து விட்டாள்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் விட்டுறணும்மா. ஹாஸ்டல்ல எட்டு மணிக்கு லைட்ட அணைச்சிருவாங்க. ஜன்னல் பக்கம் படுக்குற பிள்ளைங்க அழ மாட்டாங்க. கதவுப் பக்கம் படுக்குற பிள்ளைங்கதான் அழுவாங்க."

"நீ எந்தப் பக்கம் படுக்குற?"

"கதவுப் பக்கம்" என்றாள். "ஆனா இப்ப நான் அழுறதில்ல."

அவளை அப்படியே நாற்காலியிலிருந்து தூக்கி இறக்கினேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதான், ஆனால் ஷிப்மென்ட் இருக்கிறதென்று எங்கள் டேபிள் மொத்தத்தையும் வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இருந்த காலத்தில், நான் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கிளம்பினால் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டாள். இப்போது அவள் பாயை உதறி விரித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அம்மா வேலைக்குப் போகல. லீவு போட்டுட்டு உன்கூட இருக்கேன்" என்றேன்.

நதியா தலையணையைத் தட்டி எனக்கும் சேர்த்து ஒன்று போட்டாள்.

"வேணாம்மா. ஷிப்மென்ட்னு அப்பா சொன்னாரே. நீ போ, நான் சத்தம் போடாம இருந்துக்குவேன்."