கண்ணாடித் துண்டில் ஒரு நெறிகட்டி

அரவிந்தவல்லிக்கு வலது அக்குளில் நெறிகட்டியபோது உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். அந்த வாரம் அவளுக்குச் சமாச்ரயணம் என்னும் வைணவ தீட்சை ஆகியிருந்தது. ஆசாரியர் வலது தோளில் ஒற்றிய சக்கர முத்திரையின் சூட்டுப்புண் இன்னும் ஆறவில்லை. புண்ணிலிருந்து வடியும் நீரை அருகிலுள்ள நெறி, அதாவது நிணநீர்க் கணு, வடிகட்டும், வேலை மிகுந்தால் வீங்கும். தோளுக்கு அந்த வடிகட்டி அக்குளில் இருக்கிறது. பெருமாள் முத்திரையைக் குறை சொல்வதா என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

புண் ஆறிவிட்டது. கட்டி ஆறவில்லை. எட்டு மாதத்தில் புளியங்கொட்டை நெல்லிக்காயானது; அப்போதும் அது முத்திரையின் வேலை என்றே இருந்தாள்.

திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் லூர்துராணி, "எவ்வளவு நாளா இருக்கு?" என்றபோது, பக்கத்தில் கணவர் வீரராகவன் நின்றார். இத்தனை நாள் அவரிடம் மறைத்தது தெரிந்துவிடுமே என்று "ரெண்டு மாசம்" என்று சொல்லிவிட்டாள்.

அக்குளை மட்டும் மரக்கவைத்துக் கட்டியை எடுத்தார்கள். ரத்தத்தை ஒற்றிய துணி மாற்றி மாற்றிச் சிவந்ததை அவள் பார்த்தாள். அதன்பின் சோதனை முடிவு வரும்வரை பத்து நாள் சோறு இறங்கவில்லை.

"ஏன்னா, கான்ஸர்னா நம்மகிட்ட சொல்லிடுவாளோ?"

"உங்கிட்ட சொல்லமாட்டா. எங்கிட்ட சொல்லுவா. எம் மூஞ்சியப் பாத்தே நீ கண்டுபிடிச்சுடுவே" என்றார். அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

பத்தாம் நாள் டாக்டர் இருவரையும் உட்காரச் சொன்னார். "நெறி பூராவும் ரத்தக்குழாயாவே இருக்கு. ரெண்டே மாசத்துல இவ்வளவு வளர்ந்திருக்கேன்னுதான் எனக்குப் பயம். அக்குளை முழுசாத் திறந்து பாத்துடலாம். அப்புறம் கை பழையபடி தூக்க வராது."

பள்ளிக்கூடத்தில் அவள் தினமும் கையைத் தூக்கி எழுதிப் பாடம் நடத்தும் கரும்பலகை கண்முன் வந்து நின்றது.

"எட்டு மாசம்" என்றாள். "பொய் சொல்லிட்டேன், டாக்டர்."

வீரராகவன் திரும்பிப் பார்த்தார். டாக்டர் நுண்ணோக்கிக்குப் போய், கட்டியின் சீவல் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டின்மேல் வெகுநேரம் குனிந்திருந்தார்.

"இங்க வந்து பாருங்க. இந்த வட்டமெல்லாம் ரத்தக்குழாய். ஒவ்வொண்ணுக்கும் உள்சுவர் ஒரே வரிசை, எல்லாச் செல்லும் ஒரே அச்சு. கெட்ட கட்டின்னா ஒண்ணுமேல ஒண்ணு ஏறி, கன்னாபின்னான்னு பெருகியிருக்கும். இது நெறிக்குள்ளயே உண்டான சாதுவான ரத்தக்குழாய்க் கட்டி. ரொம்ப அபூர்வம், நானே புத்தகத்துலதான் பாத்திருக்கேன். எட்டு மாசம்னா கணக்கு சரியா வருது. இனிமே கத்தி வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டுங்க."



இருவரும் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினார்கள். காவேரிப் பாலத்தில் வீரராகவன் அவள் பக்கம் திரும்பினார்.

"எட்டு மாசம் தனியா பயந்துண்டிருந்தியா?"

"இல்லேன்னா. பத்து நாள்தான்" என்றாள் அவள்.