காய்ச்சல் காணாத வாயில்

காலை ஆறு மணிக்கு முன்பே, சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையின் அந்தப் பிளாஸ்டிக் மூடித் தொழிற்சாலையில் இயந்திரங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. அச்சிலிருந்து சூடாக விழும் மூடிகளைப் பெண்கள் அள்ளி, ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவிக் கூடையில் எறிந்தார்கள். நிமிடத்துக்கு இருபது. உருகிய பிளாஸ்டிக்கின் நெடி தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். தூசி விழுமென்று சன்னல்கள் திறக்கப்படுவதில்லை.

ரோசாவுக்கு இடப்புறத்தில் நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை தனக்கொடி நின்றாள். அவள் பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் இறந்தாள். பக்கத்து வரிசையிலிருந்த பாக்கியலட்சுமியை அங்கே நகர்த்தினார்கள்.

அன்று பத்து மணிக்கு ஓர் ஆய்வுக் குழு வந்தது. மூச்சின் வழியே பரவும் அடுத்த பெருந்தொற்று வருவதற்குள் எந்தத் தடுப்பு முறைகளை முதலில் ஆராய வேண்டும் என்று தொழிலாளரையும் கேட்டு வரிசைப்படுத்துவது அதன் பணி. குழுவின் மருத்துவர் அபி, பெண்கள் வேலைசெய்யும் மேசையிலேயே அட்டைகளைப் பரப்பினாள்: முகக்கவசம், இடைவெளி, காற்றோட்டம், வாயிலில் காய்ச்சல் சோதனை.

மேலாளர் ராஜ்கமல் கடைசி அட்டையை எடுத்து முதலில் வைத்தார்.

"இதத்தான் ஆராயணும் டாக்டர். ரெண்டு வருஷம் கேட்ல நெத்திக்கு நேரா மெஷின் புடிச்சோம். ஒருத்தருக்குக்கூடக் காய்ச்சல் காட்டல."

காட்டாததன் காரணம் அங்கிருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். காய்ச்சல் கண்டால் திருப்பி அனுப்புவார்கள். அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை. மூன்று நாள் வராவிட்டால் வேலையே இல்லை. ஆகவே, முத்தியால்பேட்டையில் கம்பெனிப் பேருந்து ஏறியதும் காய்ச்சல் தணிக்கும் மாத்திரை கைமாறும். வாயிலை அடைய முக்கால் மணி நேரம். அதற்குள் நெற்றி தணிந்துவிடும்.

ரோசா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்த அட்டைய முதல்ல வெக்காதீங்க டாக்டர்."

"இன்னா ரோசா, நீயும் டாக்டருக்குப் படிச்சிருக்கியா?" என்றார் ராஜ்கமல். சிலர் வழக்கம்போல் சிரித்தார்கள்.

"இல்ல சார். உங்க மெஷின ஏமாத்த மாத்திரை குடுத்தவ நான்."

சிரிப்பு நின்றது. ரோசா எல்லாவற்றையும் சொன்னாள்.

"தனக்கொடிக்கு அஞ்சு நாள் குடுத்தேன். 'வேணாக்கா, உடம்பு அனலா கொதிக்குது, வீட்லயே கெடக்கறேன்'னா. 'வேல போயிடும்டி, முழுங்கு'ன்னேன். ஆறாம் நாளு பஸ்ஸுக்கு வரல."

அபி கையிலிருந்த படிவத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"நடந்ததை எழுத இந்தப் படிவத்துல எடமில்லம்மா. ஆராயறதுக்கு ஒரு கேள்வியா சொல்லணும்."

"அவள நான் கொன்னுட்டேனா?" என்றாள் ரோசா. "எங்கிட்ட இருக்கற கேள்வி இது ஒண்ணுதான்."

பாக்கியலட்சுமி அவள் தோளைப் பற்றினாள்.

"நீ மட்டுமா குடுத்த? நான் குடுக்கலியா? கேள்வி அது இல்லக்கா. டாக்டர், எழுதிக்குங்க. காய்ச்சல்னா சம்பளத்தோட லீவுன்னு சொல்லியிருந்தா, எத்தினி பேரு வீட்லயே இருந்திருப்பாங்க? எத்தினி பேரு பொழச்சிருப்பாங்க?"

அபி எழுதினாள்.

"கேட்டது யாருன்னு பேரையும் போடுங்க," என்றார் ராஜ்கமல். "எனக்கும் தேவப்படும்."

"பேர் கட்டாயமில்ல சார்."

"போடுங்க டாக்டர்," என்றாள் ரோசா. "ரோசா."

"பாக்கியலட்சுமி."

பின்வரிசையிலிருந்து இன்னொரு பெயர் வந்தது. பிறகு அச்சுப் பக்கம் நின்ற ஆண்களும், இரைச்சலுக்கு மேலே குரலெடுத்து, தங்கள் பெயர்களைச் சொன்னார்கள். படிவத்தில் இடம் முடிந்து அபி தாளைத் திருப்பினாள்.

"நூத்துக்கணக்குல கேள்விங்க வரும்," என்றாள். "இது பட்டியல்ல நிக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

"அது உங்க பட்டியல் டாக்டர்," என்றாள் ரோசா. "நாளைக்குக் காலைல இதயே ஆபீஸ் வாசல்ல சாரையும் கேக்கப்போறோம்."

"யாரெல்லாம் வரீங்கன்னு நானும் பாக்கறேன்," என்றார் ராஜ்கமல்.

"காய்ச்சல் இருக்கறவங்க வரமாட்டாங்க சார்," என்றாள் பாக்கியலட்சுமி. "அவங்களுக்கும் சேத்து மத்தவங்க வருவோம்."

பெயர்கள் இன்னும் முடியவில்லை. அச்சுகள் கக்கிய மூடிகள், அள்ளுவாரின்றி, தரையில் உருண்டுகொண்டிருந்தன.