ஞாயிற்றுக்கிழமைச் செய்திக்குப் பிறகு வந்த கேள்வி

1.

இந்தக் கதையை யோகா அன்ரி எனக்குத் தரவில்லை, நான்தான் பிடுங்கிக்கொண்டேன். (என் ஊரில் ஆன்ட்டி. மெல்பனில் அன்ரி பழகிவிட்டது.) டண்டினொங்கில் அவர் கராஜைக் காலிசெய்ய உதவப் போனபோது, மஞ்சளித்துப்போன ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கி, "இதைக் குப்பைல போட்டுடவா?" என்றேன்.

"அதை மட்டும் வை, பார்கவி."

அந்தக் குரலைக் கேட்டுவிட்டுச் சும்மா வர எழுதுகிறவளுக்கு எப்படி மனசு வரும்?

2.

முதல் தொடக்கம்: "தொண்ணூறுகளில் மின்வழிச் செய்திச் சேவைகள்..." சீ, பாடப்புத்தகம்.

இரண்டாவது: "அவள் திரையில் அவன் எழுத்துகள் மின்மினிகளாய்..." ஐயோ, வேண்டவே வேண்டாம்.

நடந்ததையே சொல்கிறேன். வீடுகளுக்கு இணையம் வராத காலம். சிட்னி கிரவீனில் சிறிதரன் என்றொரு இளைஞர் சிற்றலை வானொலியில் இலங்கைச் செய்திகளைக் கேட்டு, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தன் கம்ப்யூட்டரில் போட்டுவைப்பார். ஞாயிறுதோறும் யோகா தன் கம்ப்யூட்டரை டெலிபோன் லைனில் இணைத்துச் சிறிதரனின் கம்ப்யூட்டரை அழைப்பார். யோகாவின் அம்மா சண்டை நடக்கும் ஊரில்.* செய்தி முடிந்ததும் இருவரும் திரையிலேயே தட்டிப் பேசிக்கொள்வார்கள்; ஒருவர் தட்டத் தட்ட எழுத்து மற்றவர் திரையில் விழும். ஒருவர் குரலை மற்றவர் கேட்டதில்லை.

[* அம்மா பிழைத்தாரா என்பீர்கள். பிழைத்தார். அது வேறு கதை.]

3.

ஒரு ஞாயிறு, திரையில்: "யோகா, ஒண்டு கேட்கட்டோ? நீர்"

அந்த நேரம் பார்த்துக் குசினியில், அதாவது சமையலறையில், யோகாவின் அக்கா போன் ரிசீவரைத் தூக்கிவிட்டார். ஒரே லைன்தானே. திரை முழுக்கக் கண்டகண்ட குறிகள், தொடர்பு போய்விட்டது.

"அதுவரைக்கும் நீங்கள் எண்டுதான் எழுதினவர்," என்றார் அன்ரி. (அவர்கள் ஊரில் நெருக்கமானவர்களைத்தான் 'நீர்' என்பார்கள்.) இத்தனை வருடம் கழித்தும் முகம் சிவந்தது.

"அடுத்த வாரம் நீங்களே என்னன்னு கேட்டிருக்கலாமே?"

"நல்லாயிருக்கு கதை! கேட்க வந்தவர் அவரெல்லோ. திரும்பக் கேட்பார் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அவர் கேட்கவில்லை. செய்தி மட்டும் தந்தார். பிறகு இணையம் வந்தது, அவரை அழைக்கும் தேவையும் போனது. அன்ரி கல்யாணம் கட்டவில்லை. காரணம் இதுதான் என்று எழுதிக் காட்டினேன். "சும்மா கண்டதையும் அலட்டாதை," என்றார்.

4.

இந்தச் சிறிதரன் மேல் எனக்குச் சந்தேகம். கோழையா? விளையாடிப் பார்த்தாரா? பாத்திரம் பிடிபடவில்லை என்பதால் தகவல் சேகரிக்கச் சிட்னிக்குப்

(பொய். சண்டை பிடிக்கத்தான் போனேன்.)

"கேள்வியை முழுக்கத் தட்டிப்போட்டு நிமிர்ந்து பாக்கிறன், லைன் இல்லை," என்றார் சிறிதரன். "வாசிச்சிட்டு லைனை வெட்டிப்போட்டா எண்டு விளங்கினது. பிறகு எந்த முகத்தோட கேக்கிறது? செய்திக்கு வாறாதானே, அதுவே போதும் எண்டு இருந்திட்டன்."

அக்கா ரிசீவரைத் தூக்கிய கதையைச் சொன்னேன்.

"அப்ப... அவ வாசிக்கேல்லையோ?"

அந்த நேரம் அவர் மனைவி ரதி தேத்தண்ணியோடு வந்தார். "இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ பிள்ளை," என்றார்.

5.

சிறிதரனை மனைவி இல்லாதவராக்கி ஒரு முடிவு எழுதினேன். ரதி தந்த தேத்தண்ணியை நினைத்ததும் அழித்துவிட்டேன். இன்னொரு முடிவில் யோகா அன்ரிக்கு உண்மை தெரியாமலே போகிறது. அதற்கும் மனசு கேட்கவில்லை. வந்து சொல்லிவிட்டேன்.

"பாவம் அந்த மனுசன்," என்றார் அன்ரி. பிறகு, "நான் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன், பார்கவி. அதை மட்டும் அவருக்குச் சொல்லிவிடு. வேற ஒண்டும் வேண்டாம்."

சற்றுமுன் கிரவீனுக்கு அழைத்தேன். எடுத்தது ரதி.

"அவர் வெளியில போயிட்டார். என்ன விசயம் எண்டு சொல்லுங்கோ பிள்ளை, நான் சொல்லிவிடுறன்."

அதற்குப் பதில் சொல்லாமல்தான் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ரதி இன்னும் லைனில் இருக்கிறார். நான் என்ன சொல்லட்டும்?