புதிதாக ஒன்றுமில்லை

அன்று தலைமையாசிரியையின் அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு யார் எங்கே இருந்தார் என்ற குழப்பம் வராது.

மேசைக்கு அந்தப் பக்கம், ஜன்னலுக்கு முதுகு காட்டித் தலைமையாசிரியை. அவருக்கு வலப்புறம், நாற்காலியின் நுனியில், வகுப்பாசிரியை. இடது மணிக்கட்டில் வெள்ளைக் கட்டு. இடப்புறம் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் நடுவில் நான், மடியில் நீலக் கோப்பு. எனக்குப் பக்கத்தில் என் மனைவி. கதவோரம் ஸ்டூலில் அவள் தம்பி, வேன் ஓட்டுகிறவன். எங்களை இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். "ஒரு பலத்துக்கு இருக்கேன் மாமா" என்று உட்கார்ந்துவிட்டான்.

ஏழாவது ஆள் என் மகள். ஒன்பது வயது. அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரும்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருந்தது. அதற்குள் போய்த் தரையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து எடுத்து வந்த தேக்கரண்டியைக் கண்ணுக்கு அருகே பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அவளை வீட்டில் பம்பரம் என்போம். மைத்துனன் வைத்த பெயர். நாலு வயதில் கூடத்தின் நடுவில் நின்று தன்னைத்தானே சுற்றிக்கொண்டே இருப்பாள். தலை கிறுகிறுக்காது, விழமாட்டாள். வருகிறவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. அப்போது அவளிடம் ஒன்பது சொற்கள் இருந்தன. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து வயது முடிவதற்குள் ஒன்பதும் போய்விட்டன. பிறந்த மறுநாளே டவுன் சிண்ட்ரோம் என்று சொல்லிவிட்டதால், அதற்குப் பிறகு அவள் செய்த எதற்கும் எங்களிடம் ஒரே விடைதான் இருந்தது.

என் வேலையையும் சொல்ல வேண்டும். லிஃப்ட் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகத் தபால் பிரிவில் இருக்கிறேன். வரும் கடிதத்தின் முதல் பக்கத்தைப் படித்து, துண்டுச் சீட்டில் ஒரு வரியில் சாரம் எழுதி, மேல் மூலையில் பின் அடித்து, துளை போட்டுக் கோப்பில் சேர்க்க வேண்டும். "முதல் பக்கம்தான்யா கடிதம். மத்ததெல்லாம் இணைப்பு" என்று சேர்ந்த அன்றே மேலாளர் சொல்லிக்கொடுத்தார். நாளைக்கு நூற்றைம்பது கடிதம் வருகிற இடத்தில் அது நல்ல முறைதான். வீட்டுக் காகிதங்களுக்கும் அதையே வைத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியை சுற்றி வளைக்கவில்லை. "இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்னு பள்ளி நிர்வாகக் குழு சொல்லுது. திங்கக்கிழமை முடிவு பண்ணிடுவாங்க. உங்களை நேர்ல கூப்பிட்டுச் சொல்றது மரியாதைனு கூப்பிட்டேன்."

இதற்கு முன் மூன்று பள்ளிகள் அவளைச் சேர்த்துக்கொள்ள மறுத்திருந்தன. இதுவும் போனால் வேறு கதவு இல்லை.

"பதினாறு தடவ கடிச்சிருக்கா சார்" என்றார் வகுப்பாசிரியை. "எல்லாமே பிரேயர் மணி நேரம். கையைப் பிடிச்சு வரிசைல நிறுத்தப் போனா உடனே கடி. என் வகுப்புல டவுன் பிள்ளைங்க இன்னும் ஆறு பேர் இருக்காங்க. கட்டிப் பிடிச்சுக்கும், பாட்டு வச்சா ஆடும். இவ மட்டும் ஏன் இப்படினு எனக்குப் புரியல. அடம்னுதான் தோணுது."

"எங்களைக் கடிச்சதில்ல டீச்சர்" என்றான் மைத்துனன். "என்னை ஒரே ஒரு தடவ. அதுவும் நான் ஹாரன் அடிச்சப்போ. அன்னைலேர்ந்து இவ வண்டில இருந்தா பிரேக்கை மட்டும் நம்பித்தான் ஓட்டறேன்."

பேச்சுப் பயிற்சிப் பெண் அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள். இதில் குறிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

நான் தயாராகத்தான் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நாலு பக்கக் கடிதம் எழுதியிருந்தேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கற்ற வழக்கப்படி அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, பதினான்கு குற்றச்சாட்டுகள், எண் வாரியாக. அதைப் படிக்க ஆரம்பித்தேன். யாரும் தடுக்கவில்லை.

"ஆறாவது. என் மகளின் மருத்துவ அறிக்கைகளைப் பள்ளி ஒருமுறைகூடக் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை."

"அது தப்புதான் சார்" என்றாள் பேச்சுப் பயிற்சிப் பெண். "நான் இப்ப பாக்கலாமா?"

நீலக் கோப்பைப் பெருமையாகவே நீட்டினேன். "தேதி வாரியா இருக்கும்மா. எதைக் கேட்டாலும் ஒரு நிமிஷத்துல எடுக்கலாம்."

ஏழு, எட்டு, ஒன்பது என்று படித்துக்கொண்டே போனேன். பத்தில் அவள் குறுக்கிட்டாள்.

"சார், இந்தத் துண்டுச் சீட்டு யார் வச்சது?"

"நான்தான்."

"இந்தத் தாளோட பின்பக்கம் படிச்சீங்களா?"

அது குழந்தைகள் வளர்ச்சி மருத்துவமனை அனுப்பிய அறிக்கை. நாலு வருடத்துக்கு முந்தின தேதி. முன்பக்கத்தில் இதயம், காது, தைராய்டு, உயரம், எடை. மூலையில் துருப்பிடித்த பின்னோடு என் கையெழுத்து: 'டவுன் பற்றி. பழைய செய்தி. புதிதாக ஒன்றுமில்லை.'

அவள் தாளைத் திருப்பி மேசை மேல் வைத்து, விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"குழந்தை பேசிய சொற்களை இழந்திருப்பதும், சுழல்வதும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாததும், ஒலிகளைத் தாங்க முடியாததும் டவுன் சிண்ட்ரோமால் மட்டும் விளங்கக்கூடியவை அல்ல. ஆட்டிசமும் உடனிருப்பதாகக் கருதுகிறோம். முழு மதிப்பீட்டுக்கு ஒரு மாதத்துக்குள் அழைத்து வரவும். தாமதிக்க வேண்டாம்."

எனக்கு அந்த நேரத்தில் தோன்றியதை அப்படியே சொல்கிறேன். பின் நன்றாகத் துருப்பிடித்திருக்கிறது, எடுத்துவிட்டு வேறு பின் அடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் மனம் நகரவில்லை.

"நாலு வருஷமா?" என்றாள் என் மனைவி. என்னிடம் கேட்கவில்லை, அந்தத் தாளிடம் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நான் கேட்டேன். இவளுக்கு வேற ஏதோ இருக்குங்கனு கேட்டேன். காகிதம் வந்த அன்னைக்கு என்ன எழுதியிருக்குனும் கேட்டேன். நீங்க இந்தச் சீட்டைப் படிச்சுக் காட்டினீங்க."

அப்போது இடைவேளை மணி அடித்தது.

அந்த மணி அறைக்கு வெளியே, கதவுக்கு நேர் மேலே இருந்தது. தேக்கரண்டி கீழே விழுந்தது. மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, பொத்தியது போதாமல், தன் முன்கையையே கடித்தாள். நான் பாய்ந்து எழுந்தேன். அவள் கைகளைப் பிடித்து இறக்குவதுதான் என் வழக்கம்.

"பிடிக்காதீங்க சார். தயவுசெஞ்சு."

அந்தப் பெண் கதவைச் சாத்தினாள். அலமாரிக்கு ஒரு கை தூரத்தில் தரையில் உட்கார்ந்தாள். குழந்தையைத் தொடவில்லை, பேசவில்லை, பார்க்கக்கூட இல்லை. கரண்டியை எடுத்து அவள் காலருகே நகர்த்தி வைத்தாள். மணி நின்றது. இரண்டு மூன்று நிமிடம் போனது. என் மகள் முன்கையை விட்டாள். கரண்டியை எடுத்தாள்.

"பதினாறு தடவ" என்றார் வகுப்பாசிரியை, தன் கட்டைப் பார்த்துக்கொண்டே. "அந்த மணிக்கு அடியிலதான் அவளை நிறுத்துவேன். குள்ளமா இருக்காளேனு முதல் வரிசைல."

நான் உட்கார்ந்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கையைக் கட்டி உட்கார்ந்தால் நல்ல பிள்ளை. அதே பழக்கத்தில் இவள் கையை உதறுவதை நிறுத்த, தினமும் மாலையில் பத்து நிமிடம் எதிரே உட்கார வைத்து, இரண்டு கையையும் மடக்கி, என் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம். ஒரு நாள் கூடத் தவறியதில்லை. நாலு வருடம். அவள் அலறுவதை அடம் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். இதை அந்த அறையில் யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்குத் தெரியும், அவள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியை மெதுவாகத்தான் பேசினார். "மதிப்பீடு முடியறவரைக்கும், ஒரு பருவம், அவ இங்க இருக்கட்டும்னு நீங்க எழுதிக் கேளுங்க. நானும் அதுல ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடறேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள என் கைக்கு வரணும். ஆனா இத்தனை நாள் ஏன் சொல்லலைனு குழுவுல கண்டிப்பா கேப்பாங்க. அதுக்குப் பதில் கடிதத்துலயே இருக்கணும்."

வேனில் நான் முன்னால், மனைவியும் மகளும் பின்னால். பாதி வழி வந்திருப்போம்.

"மாமா, நான் ஒண்ணு சொல்றேன்" என்றான் மைத்துனன். "அந்தக் காகிதம் தபால்ல தொலஞ்சு போய், போன வாரம்தான் வந்துச்சுனு எழுதிடுங்க. தபாலைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா. நீங்க சொன்னா நம்புவாங்க. பம்பரம் இடம் முக்கியமா, மத்தது முக்கியமா?"

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. வாக்கியம்கூட மனதில் அமைந்துவிட்டது.

"எழுதுங்க" என்றாள் மனைவி பின்னாலிருந்து. "எழுதிட்டு அதையும் எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

மைத்துனன் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தான். "நான் சும்மா சொன்னேன்க்கா."

"நீயும் இனிமே அவளைப் பம்பரம்னு கூப்பிடாத. சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தி. அதனாலதான் சொல்றேன்."

வீட்டுக்கு வந்ததும் அந்த நாலு பக்கக் கடிதத்தைக் கிழித்தேன். சாப்பாட்டு மேசையில் புதுத் தாள் வைத்து, அனுப்புநர், பெறுநர் எழுதினேன். 'பொருள்' என்று எழுதியபின் கை நின்றுவிட்டது. ஒரு வரியில் சாரம் எழுதி எழுதியே வாழ்ந்தவன். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கீழே எழுதினேன்.

'மருத்துவமனை அறிக்கை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே என் கைக்கு வந்தது. முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, புதிதாக ஒன்றுமில்லை என்று எழுதிக் கோப்பில் வைத்தேன். பின்பக்கத்தில் இருந்ததை இன்று காலைதான் அறிந்தேன். வேறு எவருடைய பிழையும் இதில் இல்லை. என் மனைவி இரண்டு முறை என்னிடம் கேட்டாள். மதிப்பீடு முடியும்வரை ஒரு பருவம் என் மகளுக்கு இடம் தர வேண்டுகிறேன். காலை மணிக்கு முன்பே அவளை உள் அறைக்கு அழைத்துப் போக, என் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு தினமும் நானே வருகிறேன்.'

அறிக்கையின் இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்து வந்து சேர்த்தேன். மனைவி எதிரே உட்கார்ந்து கையை நீட்டினாள். நான் படித்துக் காட்டவில்லை; தாளைக் கொடுத்தேன். உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக, அவளே படித்தாள். கூடத்தில் மகள் சுற்றிக்கொண்டிருந்தாள். மைத்துனன் சுவரோரம் ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டு நின்றான்.

"ரெண்டு தடவ கேட்டேன்னு போட்டிருக்கீங்க" என்றாள் மனைவி.

"ஆமா."

"மூணு. அவ பேச்சு போனப்போ ஒரு தடவ. காகிதம் வந்தப்போ ஒரு தடவ. நீங்க கையைப் பிடிச்சு உக்கார வச்ச முதல் நாள் ஒரு தடவ."

அடித்து, மூன்று என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். காலியாக இருந்த இடத்தைக் காட்டி, "இது என்ன?" என்றாள்.

"பொருள். என்ன போடறதுனு தெரியல."

"முழுசாப் படிக்கட்டும். சும்மா விடுங்க."

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். நகலையும் திருப்பிப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் மூன்றாக மடித்து உறைக்குள் வைத்து, பசை தடவி, கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தி ஒட்டித் தம்பியிடம் கொடுத்தாள்.

"அந்தப் பெரிய டீச்சரம்மா கைலயே கொடு. கொடுத்ததுக்குக் கையெழுத்து வாங்கிட்டு வா."