நாற்பத்தாறாம் டோக்கன்

ராஜபாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து வருகைப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மானேஜர் சங்கரலிங்கம். "சுயம்புலிங்கம், ரிஜிஸ்டர்ல உள்ளத மட்டும் சொல்லும். உப்பு போட்ட எடத்த மறந்துராதேயும்" என்று அவர் மூன்றாம் முறை சொன்னபோது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்தது.

அது 1987. எங்கள் ஜின்னிங் பேக்டரியில் நான் டைம் கீப்பர். இரண்டு மாதத்துக்கு முன் பருத்தியில் கொட்டை பிரிக்கிற உருளையில் நூர்பானுவின் வலது கை சிக்கி, கட்டைவிரல் தவிர நான்கும் போய்விட்டன. நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டாள். அப்படி ஒருத்தி எங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்று கம்பெனி பதில் எழுதியது. பதிவேட்டின்படி அது சரிதான். அன்று வருகைக்கான நாற்பத்தாறாம் டோக்கனைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனது நூர்பானு, டோக்கன் எங்கள் பழைய வேலைக்காரி ஜெயபாயுடையது. வர முடியாத நாளில் ஒருத்தி டோக்கனில் இன்னொருத்தி வேலை பார்ப்பது பேக்டரியில் ஊரறிந்த ரகசியம். "என்ன நூர்பானு, இன்னைக்கு நீதான் ஜெயபாயா?" என்று கேலி பேசி டிக் போட்டவனே நான்தான்.

விசாரணை முகாமுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருந்த தொழிலாளர் துறை அதிகாரி, நூர்பானுவை மேசைக்கு எதிரே உட்காரவைத்துவிட்டு, முதலில் ஜெயபாயைக் கூப்பிட்டார். "நான்தான் வேலை பார்த்தேன்" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நூர்பானுவுக்குக் காலணா கிடைக்காது. ஜெயபாயின் பன்னிரண்டு வருஷ வேலை பத்திரமாக இருக்கும்.

"அன்னைக்கு நான் வரல சார். தங்கச்சி கல்யாணத்துக்குத் தேவதானம் போயிருந்தேன். என் டோக்கன குடுத்து இவளத்தான் அனுப்புனேன்."

கம்பெனி வக்கீல் சிரித்தார். "ஆள்மாறாட்டம்னு ஒத்துக்கிடுதியா? நாளைக்கே உன் சீட்டக் கிழிச்சிருவாங்க, தெரியுமா?"

"தெரியும் சார். வேற வேல பாக்க எனக்குப் பத்து வெரலு இருக்கு. எனக்குப் பதிலாப் போயிதான அவ நாலக் குடுத்தா."

அடிப்பாவி என்று மனசுக்குள் சொன்னேன். திட்டுவதற்காக அல்ல. மானேஜர் தும்மினாலே எழுந்து நிற்கிற ஆள் நான். இவளுக்கு இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகவும் இருந்தது.

வக்கீல் சுதாரித்துக்கொண்டார். "தெரிஞ்சவளுக்காக யாரும் பொய் சொல்லலாம் சார். டைம் கீப்பர் வந்திருக்கார், கேளுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். "அன்னைக்கு அந்த டோக்கனப் போட்டது யாரு?"

மானேஜர் இருமினார். பதிவேட்டைத் திறந்தேன். ஜெயபாய் பெயருக்கு நேராக என் டிக் பளிச்சென்று இருந்தது. மூடிவிட்டேன்.

"நூர்பானு சார். தெரிஞ்சேதான் டிக் போட்டேன்."

மானேஜர் அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. உத்தரவு பின்னால் வரும் என்றார் அதிகாரி. குமாஸ்தா வாக்குமூலத்தை எழுதி முடித்து, நூர்பானுவின் பக்கம் மைப்பெட்டியைத் தள்ளினார்.

"கைநாட்டு போதும்மா."

"எனக்கு எழுதத் தெரியும் சார்."

பேனாவை இடது கையில் வாங்கினாள். முதல் எழுத்துக்கே வெகு நேரம் ஆயிற்று. மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது.

"மெதுவா எழுதுட்டி" என்று ஜெயபாய் குனிந்து, இரண்டு கைகளாலும் தாளை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.