இரவல் கால்கள்

செத்து ஆறு மாதம் கழித்து அப்பாவுக்குக் கால் முளைத்திருந்தது.

அதுவும் ஜோடியாக. வழவழவென்று, வெள்ளைச் சாக்ஸும் புது ஷூவும் மாட்டிக்கொண்டு. முன்னறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஆள் உயர ஃபிளெக்ஸில் அந்தக் கால்களுக்கு மேலே அப்பாவின் வயதான முகம், நரைத்த மீசை, தாடையோடு சேர்த்துப் பிடித்த இரும்புக் குண்டு. மேலே தாத்தா, கீழே பேரன் என்று இரண்டு பேரை இடுப்பில் தைத்து ஒட்டிய மாதிரி இருந்தது.

"எப்படி நிக்கிறாரு பாருங்க அண்ணி!" என்றார் விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்குவதால் எல்லோருக்கும் அவர் 'விசில்'தான். அதை ஊதி அவர் எதையும் ஆரம்பித்ததாகவோ நிறுத்தியதாகவோ யாருக்கும் ஞாபகமில்லை. பக்கத்தில் சித்தப்பா. சங்கத்தில் துணைத் தலைவர் பதவி கிடைத்த நாளிலிருந்து, விசில் தும்மினால்கூட ஆமாம் என்று தலையாட்டுகிறவர்.

அம்மா முந்தானையைப் பிடித்தபடி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் பார்த்தது போதும் என்று வாயைத் திறந்தாள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். அவள் எது பேசினாலும் "படிச்ச திமிரு" என்று சொல்வதற்குத் தெருவில் ஆள் தயாராக இருந்தது. அவளும் அவர்களை ஒருபோதும் ஏமாற்றியதில்லை.

"மாமா, எங்கப்பாவுக்கு ரெண்டு காலும் முட்டிக்கு மேலேயே போயிடுச்சு. இது யாரோடது?"

"யாரோடதும் இல்லம்மா. கம்ப்யூட்டர்ல வர்ற கால்."

"இடது கையில கோப்பை?"

"அதுவும் கம்ப்யூட்டர்தான்."

"அப்ப முகம் மட்டும்தான் எங்க வீட்டுது."

"ஏம்மா, நல்லது நடக்கும்போது நொட்டை சொல்லாதே," என்றார் சித்தப்பா. "மைதானத்துக்கே அண்ணன் பேரை வைக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை அண்ணி திறந்து வைக்கப்போறாங்க. மறுநாளே பெயிண்டர் இதைப் பார்த்து வாசல் சுவர்ல வரையப்போறாரு. காலம் பூரா நிக்கும்."

"நிக்கும் சித்தப்பா. அதானே பிரச்சினை."

அசல் படம் எது என்று அவளுக்குத் தெரியும். எடுத்தபோது பக்கத்திலேயே இருந்தவள். பழைய டிராக்டர் இருக்கையை நான்கு இரும்புக் கால்களில் பற்றவைத்துச் செய்த நாற்காலி. அது ஆடாமலிருக்க நாலு பக்கமும் முளையடித்து இழுத்துக் கட்டிய கயிறு. இடுப்பில் பட்டை பெல்ட். எறியும்போது பிடித்துக்கொள்ள இடது பக்கம் நட்ட ஒரு கம்பி. நாற்காலியை அழித்துவிட்டார்கள். கயிற்றையும் கம்பியையும் அழித்துவிட்டார்கள். கம்பி போனதும் இடது கை காற்றைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றிருக்கும். அதனால் அதில் ஒரு கோப்பையைச் சொருகிவிட்டார்கள். உட்கார்ந்த உடம்பைத் தூக்கி நின்ற கால்மேல் வைத்ததில், மனிதர் எந்த நிமிஷமும் குப்புற விழப்போகிறவர் மாதிரி இருந்தார்.

அவர் விழுந்தது ஒரே ஒரு தடவைதான். அவள் பிறப்பதற்கு முந்தின வருஷம், வெங்காயத்துக்கு நிலத்தைப் பொடியடிக்கும்போது, டிராக்டரிலிருந்து சறுக்கி, பின்னால் சுழன்றுகொண்டிருந்த ரோட்டவேட்டர் கத்திகளுக்குள். அதுவரை அவர் சங்கத்தின் குண்டு எறியும் வீரர். சங்கம் பூங்கொத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தது, படுக்கையைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டது, போனது. போனது போனதுதான்.

அப்பா வீட்டுக்கு வந்தார். கிளட்சையும் பிரேக்கையும் கைக்கு மாற்றிக்கொண்டு அதே டிராக்டரை ஓட்டினார். களையெடுக்க லாரி டயர்த் துண்டை அடியில் கட்டிக்கொண்டு பாத்தி பாத்தியாக நகர்ந்தார். அனுதாபம் சொல்ல வந்தவர்கள் ஏனோ சத்தம் போட்டுப் பேசினார்கள். "கால்தான்யா போச்சு, காது இருக்கு. மெதுவாப் பேசு," என்பார். அதற்கப்புறமும் உச்சுக்கொட்டினால் அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள் வரும். தரிசு நிலத்தில் நாற்காலியைக் கட்டி மறுபடி எறியத் தொடங்கினார். எறிந்த குண்டை ஓடிப்போய்ப் பொறுக்கி, வயிற்றோடு அணைத்துத் தூக்கி வருவது மகளின் வேலை. வெளியூரில், உட்கார்ந்து எறிகிறவர்களுக்கான போட்டியில் ஜெயித்துப் பதக்கத்தோடு திரும்பியபோது, சங்கத்தின் சாதனைப் பலகையில் எழுதுவார்களா என்று கேட்டு ஆள் அனுப்பினார். "அது வேற கணக்கு" என்று பதில் வந்தது. அவர் உயிரோடு இருந்தவரை அது வேற கணக்காகவேதான் இருந்தது.

செத்தவுடன் ஒரே கணக்காகிவிட்டது. என்ன, காலை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள்.

விசிலும் சித்தப்பாவும் போனதும் அவள் அம்மாவிடம் திரும்பினாள். "முடியாதுன்னு சொல்லிடும்மா. அசல் படத்தைப் பெருசா பிரிண்ட் போட்டுக் கொடுப்போம்."

"பார்க்கலாம்," என்றாள் அம்மா.

மறுநாள் மதியம் மகள் வயலிலிருந்து வந்தபோது அம்மா படத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஈரத்துணி. ஷூவைத் துடைத்து, முழங்காலைத் துடைத்து, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"எனக்கு இது பிடிச்சிருக்குடி," என்றாள் திரும்பாமலேயே.

"இது பொய்ம்மா."

"உனக்குப் பொய். நீ அவரு நின்னு பார்த்ததில்ல. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு நான் பார்த்திருக்கேன். ஒரு சுத்து சுத்திக் குண்டை விட்டாருன்னா புழுதி பறக்கும். அப்படிப் பார்த்துத்தானே கட்டிக்கிட்டேன்."

"நான் பார்த்த மனுஷன் என்ன குறைச்சல்? உட்கார்ந்துக்கிட்டே நிலத்தை உழுதாரு. உட்கார்ந்துக்கிட்டே என்னைப் படிக்க வச்சாரு. எனக்கு அவருதான் அப்பா. இந்த ஷூ போட்ட ஆளு யாருன்னே தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றாள் அம்மா.

யார்மேலும் கோபப்படத் தயங்காதவளுக்கு அன்றைக்கு அம்மாமேல் கோபப்படத் தெரியவில்லை. விசில்மேல்தான் கோபம் ரெட்டிப்பாக ஏறியது. என்ன ஆனாலும் அசல் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கையில் வைத்திருப்பது என்று முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டுடியோவுக்குப் போனாள். ஸ்டுடியோக்காரர் படத்தைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, தொழில் பெருமை தாங்காமல் கேட்டார்: "ஃபிளெக்ஸ் எப்படிம்மா வந்திருக்கு? ஒட்டு தெரியுதா?"

"பிரமாதம். கம்ப்யூட்டர் கால்னு சொன்னாங்க."

"கம்ப்யூட்டர்ல ஏதும்மா கால்? செயலாளரே தன்னோட பழைய போட்டோவைக் கொண்டாந்தாரு. ஏதோ விழாவில அரை டவுசர் போட்டுக்கிட்டுக் கொடி பிடிச்சு நிப்பாரே, அது. 'இடுப்புக்குக் கீழே என்னுதை எடுத்துக்க, யாருக்கும் தெரிய வேணாம்'னாரு. நானும் கொஞ்சம் சதை போட்டேன். அவருது கொக்குக்கால்."

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு ஈரத்துணி ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுபோனது.

அவள் மைதானத்துக்குப் போனபோது கூட்டம் கூடிவிட்டது. வாசல் சுவர் வெள்ளையடித்துத் தயாராக இருந்தது. கயிறு பிடித்துக் கட்டம் போட்டுவிட்டு, பெயிண்டர் பீடியோடு ஓரமாக நின்றிருந்தார். காலையிலேயே வீட்டிலிருந்து தூக்கிவந்த ஃபிளெக்ஸ் துணி போர்த்தி மேடையில் நின்றது. அம்மா முதல் நாற்காலியில். ஒலிபெருக்கியில் சங்கத் தலைவர், "எழுந்து நின்ற சிங்கம்" என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

மகள் நேராக மேடையேறி அம்மாவின் காதில் குனிந்தாள். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அம்மாவின் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கை மட்டும் மடியில் கிடந்த முந்தானையில் அழுந்தத் துடைத்துக்கொண்டது.

"இப்போது அண்ணியார் ரிப்பனை வெட்டி..." என்று அறிவித்துவிட்டு, விசில் தட்டில் கத்தரிக்கோலை நீட்டினார்.

அம்மா எடுத்துக்கொண்டாள். ரிப்பனை வெட்டினாள். துணி விழுந்தது. கைதட்டினார்கள். கத்தரிக்கோலைத் திருப்பித் தரவில்லை.

"தம்பி, இது உங்க காலா?"

மைக் பக்கத்திலேயே இருந்ததால் கேள்வி மைதானத்தின் கடைசி வரைக்கும் போனது.

விசில் இளித்தார். "அண்ணி... ஒரு மரியாதைக்கு... ஆளு முழுசா இருக்கட்டுமேன்னு..."

"முந்தாநாள் பூரா இதைத் துடைச்சிருக்கேன் நான். அவரு காலுன்னு நெனச்சு அழுதிருக்கேன். உங்க காலைப் பிடிச்சுக்கிட்டா நான் அழுதேன்?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவியது. சித்தப்பா எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மேற்கூரையைப் பார்த்தார். மேடைக்கு மேற்கூரை இல்லை.

அம்மா குனிந்து, ஃபிளெக்ஸின் ஓரத்தில் கத்தரிக்கோலை நுழைத்து, அப்பாவின் பெல்ட்டுக்குக் கீழே நேர்கோடாக வெட்டிக்கொண்டே போனாள். வெங்காயத் தாளை அறுப்பவள் மாதிரி, அவசரமில்லாமல். கீழ்ப்பாதி சட்டத்திலிருந்து பிய்ந்து தொங்கியது. அதைப் பிடுங்கிச் சுருட்டி விசிலின் கக்கத்தில் செருகினாள்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. உங்க சம்சாரம் தேடப்போறாங்க."

இப்போது கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. தலைவர் மைக்கைத் தட்டினார். "அமைதி! அம்மா, பாதி ஆளை வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்ணுறது?"

"பாதி எங்கேயும் போகல தலைவரே," என்று மகள் தன் கையிலிருந்த சுருளைப் பிரித்தாள். நாற்காலி, கயிறு, கம்பி, பெல்ட், அதற்குக் கீழே மடித்துத் தைத்த கால்சட்டையில் முடிந்துபோகிற இரண்டு தொடைகள். "இவருதான் உங்க சாதனைப் பலகையில இடம் கேட்டவரு. நீங்க கொடுக்கலை. இப்ப சுவரே கொடுக்கறீங்க. கொடுத்தா இவருக்குக் கொடுங்க. இல்லாட்டி எங்கப்பா பேரையும் எடுத்துடுங்க. செயலாளர் பேரையே வச்சுக்கலாம், பாதிப் படம் அவருது ஏற்கனவே இருக்கு."

"இந்தப் பொண்ணுக்கு வாய்..." என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"அப்பன் வாய்," என்று இன்னொருவர் முடித்தார்.

தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். அது இந்த நேரம் எந்தப் பக்கம் சிரிக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் அவருடைய பொதுவாழ்க்கையே ஓடிக்கொண்டிருந்தது. "குடும்பத்தார் விருப்பமே சங்கத்தின் விருப்பம்," என்றார் உடனே.

படத்தை மாட்ட ஆணி இல்லை. ஒரு முனையை மகள் பிடித்துக்கொண்டாள். மறுமுனையை அம்மா விசிலிடம் நீட்டினாள். கக்கத்தில் சொந்தக் காலோடு அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெயிண்டர் பீடியை அணைத்துவிட்டு மேடைக்கருகே வந்தார். ஒற்றைக் கண்ணை மூடி அளவு பார்த்தார்.

"நாற்காலியை முதல்ல போட்டுக்கறேன். கயிறு வேணுமாம்மா?"

"நாலும் வேணும்," என்றாள் அம்மா.

"மூஞ்சிதான்... பல்லைக் கடிச்சுக்கிட்டு முறைக்கிறாரு. கொஞ்சம் சிரிக்க வச்சிடட்டுமா? வாசல்ல நுழையறவங்க பயந்துக்கப் போறாங்க."

"பயந்துக்கட்டும்," என்றாள் அம்மா.