வழுக்காத கிளட்சு

நிஜாமுதீன் பாய் அவ்வளவு பதவிசாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க, சவுரிராயன் சிரித்தானே, அந்தச் சிரிப்புதான் இருதயமேரிக்குப் பிடிக்கவில்லை. புருஷன் பண்ணுகிற எத்தனையோ கூத்தை அவள் பொறுத்துப் போயிருக்கிறாள். ஆனால் ஒரு மெக்கானிக் பயந்து பேசினால் காது கொடுத்துக் கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே! விழுப்புரத்தில் இருக்கிற பாயின் பட்டறை அவளுக்குப் புதுசில்லை. மனுஷன் ஒருநாளும் இப்படி ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னதில்லை.

அந்த டிராக்டர், தேவநாதன் முதலாளியுடையது. சவுரி அதன் டிரைவர். கரும்பு வெட்டு தொடங்குவதற்குள் தேய்ந்துபோன கிளட்சை மாற்றிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பியிருந்தார். பழைய பிளேட்டில் உரசிப் பிடிக்கிற லைனிங் வட்டம் முழுக்கப் பட்டையாக ஒட்டியிருக்கும். புதுசில் அங்கங்கே செம்பு நிறத்தில் பிஸ்கோத்து மாதிரி துண்டுகள்தான். அட்டைப்பெட்டியில் 'செர்மெட்' என்று போட்டிருந்தது.

கூட வந்திருந்த அவள் தம்பி தென்னரசு உடனே போனில் தேடிப் படித்தான். செராமிக், மெட்டல் இரண்டையும் ஒட்ட வைத்த பேராம் அது. பீங்கான் தூளையும் உலோகத் தூளையும் கலந்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டது. பீங்கான் மாதிரி சூடு தாங்கும், உலோகம் மாதிரி உறுதியாகவும் இருக்கும். லேத்தில் இரும்பு கடைகிற கத்தி, ரேஸ் கார் என்று எங்கெங்கோ போடுகிறார்களாம். ராக்கெட்டு சாமான் மாமா என்று சவுரியிடம் காட்டிவிட்டு, அவன் ராக்கெட் வீடியோ பார்க்க வெளியே போய்விட்டான்.

"ராக்கெட்டெல்லாம் இருக்கட்டும் சவுரி," என்றார் பாய். "ஓட்டறவனுக்கு இதுக்கு அர்த்தம் ஒண்ணுதான். இது வழுக்காது. பழைய கிளட்சு வழுக்கி வழுக்கித்தான் இத்தினி வருசமா உன்னைக் காப்பாத்திக்கினு இருந்துச்சு."

லோடு சேற்றில் சிக்கிக்கொண்டால் சவுரி என்ன செய்வான் என்பது பாய்க்குத் தெரியும். ரேஸைக் கொடுத்துக் கிளட்சைப் பட்டென்று விடுவான். பழைய பிளேட்டாக இருந்தால் கருகி நாறும், அதோடு போச்சு. இது கப்பென்று பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் சுற்ற முடியாவிட்டால் வண்டியின் முன்பக்கம் எழும்பி, அப்படியே டிரைவர் மேலேயே கவிழும். அதனால் லோடை இழுக்கிற சங்கிலியை உயரத்தில் மாட்டவே கூடாது, அடியில் இருக்கிற கொக்கியில்தான் மாட்ட வேண்டும், காலை மெதுவாக எடுக்க வேண்டும் என்றார். இதற்குத்தான் சவுரி சிரித்தான்.

அன்றிலிருந்து அவன் டிராக்டரில் ஏறும்போதெல்லாம் மேரிக்கு மாதாவே என்று இருந்தது. சொன்னால் எரிந்து விழுந்தான். அதனால் கரும்பு ஏற்றுகிற வேலைக்குத் தானும் அவன் போகிற கொல்லைக்கே போனாள். கண் முன்னால் இருந்தால் தடுத்துவிடலாம் என்ற எண்ணம்தான்.

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ராத்திரி பெய்த மழையில் கொல்லை வழி சொதசொத என்று கிடந்தது. தென்னரசுக்குத் திண்டிவனத்தில் கம்பெனி வேலை. லீவு என்று மறுபடியும் அக்காவைப் பார்க்க வந்தவன், வரப்பில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தான். அந்த வேலைக்குப் போகும்முன் ஒரு சீசன் முழுக்க இதே டிராக்டரை ஓட்டியவன். பழக்கியது சவுரி. கிளட்சைப் பட்டென்று விடுகிற கால் அப்படியே அவனுக்கும் வந்திருந்தது.

லோடு ஏறி முடிந்ததும் டிரெய்லர் சேற்றில் இறங்கிவிட்டது. ஆலையில் நேரம் முடிகிறது, ஜல்தி கிளம்பு என்று முதலாளி போன் மேல் போன் போட்டார். சவுரி டிராக்டரைக் கழற்றி முன்னால் கெட்டித் தரையில் நிறுத்தினான். சங்கிலியின் ஒரு முனையை டிரெய்லரில் கட்டி, மறு முனையைச் சீட்டுக்குப் பின்னால் உயரத்தில் மாட்டினான். டிரெய்லரின் மூக்கு சேற்றில் புதைந்திருக்கிறது, தாழ்வாக இழுத்தால் இன்னும் உள்ளே போகும் என்பது அவன் கணக்கு.

மேரி தலையில் இருந்த சும்மாட்டை வீசிவிட்டு ஓடினாள். என்ஜினைப் போட்டுவிட்டு, சங்கிலி இறுகியிருக்கிறதா என்று பார்க்க இறங்கியிருந்தவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"ஏறாதீங்க. ஏறணும்னா என் மேல ஏத்திட்டுப் போங்க."

ஆட்கள் சிரித்தார்கள். அவனுக்கு மானம் போனது. விடுடி என்று உதறினான், திட்டினான். அவள் விடவில்லை. பாய் சொன்னதை ஒன்று விடாமல் அழுதுகொண்டே சொன்னாள். கடைசியில் அவள் முகத்தைப் பார்த்து அவனுக்கே என்னவோ செய்தது.

"சரி, விடு. கீழயே மாட்டித் தொலைக்கறேன்," என்றான் தணிந்த குரலில்.

மேரிக்கு உயிர் வந்தது. அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். அந்த நிமிஷம் வரைக்கும் அவள் பயந்ததெல்லாம் புருஷனுக்காகத்தான்.

"நீங்க சண்டை போட்டுக்கினு இருங்க மாமா. நான் இழுத்துட்றேன்."

குரல் மேலேயிருந்து வந்தது. இவர்கள் மல்லுக்கட்டிய நேரத்தில் தென்னரசு அந்தப் பக்கமாக ஏறிச் சீட்டில் உட்கார்ந்திருந்தான். உதவி செய்கிற சந்தோஷத்தில் அக்காவைப் பார்த்துச் சிரித்தான். ரேஸ் கொடுத்த சத்தத்தில் அவள் போட்ட கூச்சல் அவனுக்கு எட்டவில்லை. காலைப் பட்டென்று எடுத்தான்.

சங்கிலி விறைத்தது. பின்சக்கரங்கள் அசையவில்லை. முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின, எழும்பிக்கொண்டே போயின. திரும்பக் கிளட்சை மிதிக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

மேரியின் கை அப்போதும் சவுரியின் சட்டையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.